முகத்துக்கு எந்த வெளிச்சம்? இயற்கை ஒளியில் ஆள் படம் எடுக்க ஓர் எளிய அறிமுகம்

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் யாராவது போனைத் தூக்கினால் போதும். "வெயில்ல வந்து நில்லுங்க, அப்பதான் மூஞ்சி தெளிவா விழும்" என்று சொல்ல ஓர் அண்ணன் கட்டாயம் இருப்பார். மாப்பிள்ளையும் பெண்ணும் பதினொரு மணி வெயிலில் மண்டப வாசலில் வந்து நிற்பார்கள். கண் பாதி மூடியிருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பாக ஒரு குழி விழுந்திருக்கும், நெற்றியும் மூக்கும் மினுங்கும். அண்ணன் சொன்னது பொய்யில்லை, படம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் இருவருக்கும் பத்து வயது கூடியிருக்கும்.

இதற்கு நேர் எதிராகவும் சில பேச்சுகள் உண்டு. மேகம் போட்டால் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், சாயங்காலம்தான் எடுக்க வேண்டும், ஜன்னல் வெளிச்சம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். எல்லாவற்றிலும் பாதி உண்மை இருக்கிறது. எப்போது உண்மை, எப்போது காலை வாரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

"வெளிச்சம் நல்லா இருக்கு" என்று நாம் சொல்லும்போது வெளிச்சம் நிறைய இருக்கிறது என்றுதான் பொருள் கொள்கிறோம். முகத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? அது வருகிற இடம், முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

நிழலின் ஓரம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று ராத்திரி வீட்டில் டியூப் லைட்டைப் போட்டு, அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளுக்கு நாலு விரல்கடை மேலே ஒரு பென்சிலைப் பிடியுங்கள். முதலில் டியூப் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதே திசையில் பென்சில் இருக்கட்டும். நிழல் கோடு போட்ட மாதிரி அழுத்தமாக விழும். இப்போது கையை அசைக்காமல் பென்சிலை மட்டும் குறுக்காகத் திருப்புங்கள். நிழல் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியதாகிவிடும்.

விளக்கு மாறவில்லை, வெளிச்சத்தின் அளவும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான். முதல் நிலையில் டியூபின் ஒடுங்கிய அகலம்தான் பென்சிலின் ஓரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தது. இரண்டாம் நிலையில் நாலடி நீளமும் சேர்ந்து பென்சிலின் இரு பக்கத்திலிருந்தும் நிழலுக்குள் நுழைந்து அதை அழித்துவிட்டது.

முகத்தில் பென்சிலின் வேலையைச் செய்வது மூக்கு. புருவ மேடு, மேலுதடு, தாடை, கன்னத்தின் சின்னச் சின்னக் குழிகள் எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. வெளிச்சம் வரும் இடத்தை ஒளிமூலம் என்போம். அது சின்னதாகத் தெரிந்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் கத்தியால் வெட்டியதாக விழும். இதைக் கடின ஒளி என்பார்கள். பெரிதாகத் தெரிந்தால் நிழலின் ஓரம் மெல்ல மெல்லக் கரையும். அது மென்னொளி.

"தெரிந்தால்" என்று சொல்வதைக் கவனியுங்கள். சூரியன் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது. ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், இங்கிருந்து பார்க்க அதன் அகலம் வானத்தில் அரை டிகிரிதான். நிலவும் கிட்டத்தட்ட அதே அளவுதான் தெரியும். பௌர்ணமியன்று கையை நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கிப் பாருங்கள், நிலவு நகத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். (சூரியனிடம் இந்த விளையாட்டு வேண்டாம்.) சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிற ஒளிமூலம் கடின ஒளியைத்தான் தரும். நாலடி அகல ஜன்னல் அதைவிடக் கோடி கோடி மடங்கு சிறியது. ஆனால் ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு அதுதான் பிரம்மாண்டம்.

சாரல் காலத்தில் மேகம் மூடியதும் நடப்பதும் இதுதான். சூரியன் மங்கிப்போனதால் முகம் மென்மையாகிவிடுவதில்லை. மேகம் வெயிலை வாங்கி எல்லாப் பக்கமும் சிதறவிடுகிறது, அதனால் வானம் முழுவதுமே ஒளிமூலமாக ஆகிவிடுகிறது.

சுருக்கமாக, முகத்திலிருந்து பார்க்கப் பெரிதாகத் தெரியும் ஒளிமூலம் மென்னொளியையும் சிறிதாகத் தெரிவது கடின ஒளியையும் தரும். நிழலின் ஓரத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

தலைக்கு மேலிருந்து வந்தால்

இனி முதல் கேள்வி, திசை. செங்கோட்டை ஏறக்குறைய 9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டியும், பிறகு ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதால், அந்த உச்சி நேரம் பன்னிரண்டுக்கு வராது, சராசரியாக 12.20-ஐ ஒட்டி வரும். மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் வரை முன்பின் இருக்கும்.

மேலிருந்து வரும் வெளிச்சத்துக்குப் புருவம் ஒரு கூரை. அதற்குக் கீழே கண் இருட்டில் கிடக்கும். விசுவுக்குப் பட்டு கட்டிக்கொண்டு கோயில் வாசலில் பதினொன்றரைக்கு எடுத்த குடும்பப் படத்தில் யார் கண்ணும் தெரியாமல் போவதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

"சரி, மேகம் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே?" இல்லை, இருக்கிறது. முழுக்க மேகம் மூடிய வானம் எல்லா இடத்திலும் ஒரே வெளிச்சமாக இருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் உச்சிப் பகுதி அடிவானத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். ஆகவே மேகமூட்டத்திலும் வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்குகிறது. ஓரம் மென்மையாக இருப்பதால் நிழல் உறுத்தாது, அவ்வளவுதான். கண் சோர்ந்துதான் தெரியும். குற்றால சீசனில் அருவிக்கரையில் எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள். குளித்துவிட்டுக் குஷியாக நிற்பவர்கள்கூட ராத்திரியெல்லாம் தூங்காதவர்களாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாலே பாதி சரியாகிவிடும். மீதியைச் சரிசெய்ய ஒரு கூரை வேண்டும்.

திண்ணை

மேலே இருந்து வரும் வெளிச்சத்தை அடைத்துவிட்டு, பக்கத்திலிருந்து வருவதை மட்டும் விட வேண்டும். இயற்கை ஒளியில் முகம் எடுக்கிறவர்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி இதுதான். அதற்காகவே கட்டியதோ என்று எண்ணும்படி நம்மிடம் திண்ணை இருக்கிறது. செங்கோட்டை 1956 வரை கேரளப் பக்கத்து ஆட்சியோடு இருந்து, அதன் பிறகு தமிழ்ப் பக்கம் சேர்ந்த ஊர். ஓடு வேய்ந்து, மழைக்காகத் தாழ இறக்கிய கூரையோடு பழைய வீடுகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. அந்த இறவாரம் உச்சி வானத்தை மறைத்துவிடும். எதிரில் இருக்கும் தெரு, எதிர்வீட்டுச் சுவர், அதற்கு மேலே தெரியும் வானத் துண்டு மூன்றும் சேர்ந்து அகலமான ஒளிமூலம் ஆகும். ஆள் நேர் வெயிலில் இல்லாமல், திறந்த வெளியைப் பார்த்தபடி நிழலில் இருக்கும் இந்த நிலையைத் திறந்த நிழல் என்பார்கள்.

வேப்ப மரத்தடி நிழலும் நிழல்தானே என்றால், அதில் ஓட்டை இருக்கும். இலைகளுக்கு நடுவே ஒழுகும் வெயில் முகத்தில் காசு காசாக விழுந்து, ஒரு கன்னம் வெளுத்துப்போகும். மாமரம், பலாமரம் மாதிரி அடர்ந்தது என்றால் பரவாயில்லை.

திண்ணையில் ஆச்சியை உட்காரவைத்துப் பார்ப்போம். முதலில் அவர் தெருவை நேராகப் பார்க்கட்டும். முகம் முழுக்கச் சமமாக வெளிச்சம் விழும். சுருக்கம் குறைவாகத் தெரியும், கண்ணில் தெருவின் வெளிச்சம் வெள்ளைப் பொட்டாகப் பிரதிபலிக்கும். கேட்ச்லைட் என்று போட்டோகாரர்கள் சொல்வது இந்தப் பொட்டைத்தான். இது இல்லாத கண் எவ்வளவு அழகாக இருந்தாலும் படத்தில் உயிர் இருக்காது. அடுத்து, ஆச்சியை மெல்லத் திருப்புங்கள். தெருவுக்கு ஒரு பக்கத்தைக் காட்டியபடி உட்கார்ந்தால் மூக்கின் மறுபக்கம் இருட்டத் தொடங்கும், கன்னத்து எலும்பு எழும்பி வரும், நெற்றிக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். இன்னும் திருப்பினால் பாதி முகம் இருட்டுக்குள் போய்விடும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் விருப்பம். மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேர்ந்து, இருட்டான பக்கத்தில் கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு வெளிச்ச முக்கோணம் மட்டும் மிஞ்சும் இடம் எனக்குப் பிடிக்கும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரால் அதை அழைக்கிறார்கள். "நீ போட்டோ பிடிக்கியா, இல்ல என்னைய வச்சு ராட்டினம் சுத்துதியா?" என்று ஆச்சி கேட்டால், அந்த முகத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இருட்டுப் பக்கம் மிகவும் இருண்டுபோனால், அந்தப் பக்கமாக ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால் போதும். தெர்மாக்கோல் அட்டையும் ஆகும். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடும். இதற்காகக் கடையில் விற்கும் வெள்ளித் தகடு போன்ற ரிஃப்ளெக்டர் ஆரம்பத்தில் தேவையே இல்லை. பழகாத கையில் அது முகத்தில் டார்ச் அடித்த மாதிரி ஆகிவிடும்.

ஜன்னல்

ஜன்னலும் இதே கணக்குதான். ஆனால் தூரம் ரொம்ப முக்கியம். ஜன்னலுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்தால் முகத்துக்கு அது பெரிய ஒளிமூலம். அதே அறையின் மறுகோடிக்குப் போனால் அது ஒரு சின்னச் சதுரமாகச் சுருங்கிவிடும், நிழலும் கெட்டியாகும். இன்னொரு லாபமும் உண்டு. ஜன்னலை ஒட்டி இருப்பவர் முகத்தில் விழும் வெளிச்சம், பத்தடி தள்ளியிருக்கும் சுவரில் விழுவதைவிடப் பல மடங்கு அதிகம். முகத்துக்கு ஏற்றபடி படம் எடுத்தால் பின்னால் தொங்கும் காலண்டர், மடிக்காத துணிக் குவியல் எல்லாம் தானாக இருட்டுக்குள் போய்விடும்.

வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். மின்விளக்கு வருவதற்கு முன்பு ஐரோப்பிய போட்டோ ஸ்டூடியோக்கள் வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரையோடு கட்டப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அங்கே வருஷம் முழுக்க உச்சிவேளைச் சூரியன் தெற்கு வானத்திலேயே இருக்கும். வடக்குப் பக்கம் நேர் வெயில் அநேகமாக வராது, வெளிச்சம் மாறாமல் இருக்கும். நமக்கு இது பாதி வருஷத்துக்குத்தான் பொருந்தும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மே, ஜூனில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் சாய்வாக வெயில் நுழைவதை நீங்களே பார்க்கலாம். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் சாது. புத்தகத்தைவிட, தரையில் வெயில் கட்டம் விழுகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையோ பழைய வேட்டியோ ஜன்னலில் கட்டுங்கள். வெயில் பட்டதும் அந்தத் துணியே ஒளிமூலம் ஆகிவிடும்.

இதுவரை பார்த்ததை இப்படி வைத்துக்கொள்ளலாம்: கூரை உச்சி வெளிச்சத்தை அடைக்கிறது, திறந்த பக்கம் முகத்துக்கு ஒளி தருகிறது, ஆளைத் திருப்புவது நிழலின் அளவை முடிவு செய்கிறது.

மலைக்குக் கிழக்கே சாயங்காலம்

சூரியன் தாழ இருக்கும்போது வெளிச்சம் காற்று மண்டலத்தில் அதிக தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல நிறம் பெரும்பகுதி சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. கோல்டன் அவர், அதாவது பொன்னான ஒரு மணி நேரம், என்று எல்லோரும் கொண்டாடும் நேரம் இதுதான். ஆனால் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. மஞ்சள் வெளிச்சம் நன்றாகக் கிடைப்பது சூரியன் ஏறக்குறைய 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும்போதுதான். அடிவானத்திலிருந்து அவ்வளவு உயர அரை மணி நேரம்கூட ஆகாது. இங்கே ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பிச் சாவகாசமாக அலங்காரம் செய்துகொண்டிருந்தால் போச்சு.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. புளியரை, மேக்கரை, குண்டாறு அணைப் பக்கம் சூரியன் அடிவானத்துக்குப் போவதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். மலையை எவ்வளவு நெருங்கி நிற்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம். பஞ்சாங்கத்து அஸ்தமன நேரத்தை வைத்துத் திட்டம் போட்டுவிட்டு, மஞ்சள் வெயில் எங்கே என்று தேடும் ஜோடிகளை அணைக்கரையில் அடிக்கடி பார்க்கலாம். மஞ்சள் வெயில்தான் வேண்டும் என்றால் காலையில் வாருங்கள். கிழக்கே மறைக்க எதுவும் இல்லை, சமவெளி. ஆனால் மலை சூரியனை மறைத்த பிறகு கிடைக்கும் வெளிச்சம் ஒன்றும் சளைத்ததில்லை. நேர் வெயில் போய்விட்டது, வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கிறது. ஊர் முழுவதும் ஒரே திறந்த நிழல். எனக்குக் கேட்டால் மஞ்சள் வெயிலைவிட இதுதான் முகத்துக்கு நல்லது.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். சாரல் மாதங்களில் பூ எடுக்கும்போது அங்கே போட்டோ எடுக்கக் கூட்டம் வரும். சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியன் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறோம். மொட்டுப் பருவத்தில் அப்படித்தான். நன்றாக மலர்ந்த பிறகு பெரும்பாலான பூக்கள் கிழக்கைப் பார்த்தபடி நின்றுவிடும். ஆகவே பூக்களின் முகமும் ஆளின் முகமும் சேர்ந்து விழ வேண்டுமென்றால், கேமரா மேற்கைப் பார்க்க வேண்டும். காலையில் அப்படி எடுத்தால் பூ ஜொலிக்கும். ஆனால் ஆள் சூரியனுக்கு நேராக நின்று கண்ணைச் சுருக்குவார். சாயங்காலம் அதே இடத்தில் சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கும். இதுதான் பின்னொளி. தலைமுடியின் ஓரமும் இதழ்களும் வெளிச்சத்தை உள்வாங்கி மினுங்கும், பின்னால் நீல மலை வரிசை இருக்கும், முகத்துக்குக் கிழக்கு வானத்தின் மென்னொளி கிடைக்கும். எடுப்பதற்கு முன் போன் லென்ஸை ஒருமுறை துடைத்துவிடுங்கள். பின்னொளியில் ஒரு விரல்ரேகை போதும், படம் முழுக்கப் புகை படிந்துவிடும். அப்புறம் வரப்பிலேயே நில்லுங்கள். அது ஒருவருடைய விளைச்சல்.

நிறமும் தோலும்

வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தையும் கொஞ்சம் கொண்டுவரும். புளியரை வயலில் நடவு முடிந்து பச்சை பிடித்திருக்கும்போது, வெயில் நேரத்தில் வரப்பில் உட்கார்ந்தவரின் தாடைக்குக் கீழே பச்சை படரும். பச்சைப் பெயின்ட் அடித்த எதிர்வீட்டுச் சுவரும் அதே வேலையைச் செய்யும். செம்மண் தரை அப்படியில்லை, அது தரும் இளஞ்சிவப்பு நம் தோலோடு ஒத்துப்போகும்.

ஜன்னலோரம் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்கிறார்கள். எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். மஞ்சள் பல்ப் 2700 பக்கம், நடுப்பகல் வெயில் 5500 பக்கம், நிழல் 7000-க்கு மேல். கேமரா ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுக்குத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள்.

கருத்த தோலுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. அது பிழை. கேமராவின் வெளிச்சக் கணக்கு, தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்ற ஊகத்தில் ஓடுகிறது. கருத்த முகம் படத்தை நிறைத்தால் அது இருட்டு என்று எண்ணி வெளுக்கடிக்கும். வெள்ளை வேட்டியும் கசவு முண்டுமாக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணி முகங்களை இருட்டாக்கும். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து இதைத் திருத்தப் பார்க்கின்றன, என்றாலும் முழுதாக நம்ப முடியாது. திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தி, கண்ணால் பார்க்கிற நிறம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கருத்த தோலின் அழகு அதன் மேல் படியும் பளபளப்பில் இருக்கிறது. சின்ன ஒளிமூலம் அந்தப் பளபளப்பை நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டாகக் குவித்துவிடும். பெரிய ஜன்னல் அதையே கன்னம் முழுக்கப் பரப்பும். முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியை அணைத்துவிட்டுத்தான் இதைப் பழக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது வெளிச்சத்தின் வேலையா மென்பொருளின் வேலையா என்றே தெரியாது.

மூக்குக்கண்ணாடி

திண்ணையிலும் ஜன்னலிலும் கண்ணாடி போட்டவரை எடுத்தால், கண் இருக்க வேண்டிய இடத்தில் தெருவே தெரியும். பெரிய ஒளிமூலத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. வெளிச்சம் எந்தக் கோணத்தில் கண்ணாடியில் படுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பும். திரும்பும் வழியில் கேமரா இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. முகவாயைச் சற்று இறக்கச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் கண்ணாடியின் காதுப் பிடியைக் காதுக்கு மேலே அரை விரல்கடை தூக்கிவிடுங்கள், கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பும் தரைக்குப் போகும். அப்படியும் மிஞ்சினால் நீங்கள்தான் இடம் மாற வேண்டும், ஜன்னல் பக்கமாக ஓரடி.